19, 41, 84, 134

கடந்த அக்டோபரில் ஓர் இரவு, பதினொரு மணிக்கு மேல், நிரலாளர்கள் கூடும் கேள்வி பதில் தளம் ஒன்றில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. ஆங்கிலத்தில் ஒற்றை வரி: இரண்டு அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்குவதற்கு சி மொழியில் நிரல் எழுதுக. அவ்வளவுதான். முயன்று பார்த்ததற்கான சுவடு இல்லை, எங்கே சிக்கல் என்ற பேச்சும் இல்லை. கேள்வித்தாளே எழுந்து வந்து கட்டளையிடுவது போலிருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று எதிர்வாக்குகள் விழுந்தன. "உன் வீட்டுப்பாடத்தைச் செய்து கொடுப்பதற்கு நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை" என்று ஒருவர் எழுதினார். யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியை மூடுவதற்கு நானும் வாக்களித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் தமிழில் ஒரு கடிதம். தளத்தில் என் விவரப் பக்கத்தில் கோயம்புத்தூர் என்று இருப்பதைப் பார்த்து, அங்கிருந்த முகவரிக்கு எழுதியிருந்தான்.

"சார், நேற்று ராத்திரி அந்தக் கேள்வியைப் போட்டது நான்தான். புரோகிராமை நானே எழுதிவிட்டேன். முதல் விடை மட்டும் சரியாக வருகிறது, மற்ற மூன்றும் தப்பாக வருகின்றன. அதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் லேப் மேனுவலில் இருந்ததை அப்படியே போட்டேன். நாளை மறுநாள் பிராக்டிகல்."

கூடவே மூன்று படங்கள். இரண்டு, அப்சர்வேஷன் நோட்டின் பக்கங்கள். நீல மையில், அடித்தல் திருத்தலோடு, முழு நிரலும் இருந்தது. மூன்றாவது, கணினித் திரையைக் கைபேசியில் எடுத்த படம்.

அவன் எடுத்துக்கொண்ட அணிகள் எளிமையானவை. முதல் அணியில் 1, 2, 3, 4. இரண்டாவதில் 5, 6, 7, 8. கையால் பெருக்கினால் 19, 22, 43, 50 வர வேண்டும். திரையில் வந்திருந்தவை 19, 41, 84, 134.

சி மொழியில் பழகியவர்களுக்கு இதைப் பார்த்ததுமே காரணம் பிடிபட்டுவிடும். கூட்டுத்தொகையை வைத்திருக்கும் மாறிக்கு அவன் நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை பூஜ்யம் கொடுத்திருந்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அவனுடைய நிரலோ முந்தைய கட்டத்தின் தொகைக்கு மேலேயே அடுத்ததையும் கூட்டிக்கொண்டு போனது. ஒன்றுக்குள் ஒன்றாக, திரும்பத் திரும்பச் சுற்றும் மூன்று லூப்களில், இரண்டாவதற்குள் அந்த ஒரு வரியைக் கொண்டுபோய் வைத்தால் வேலை முடிந்தது.

திருத்திய நிரலை அனுப்ப எனக்கு இரண்டு நிமிடம் போதும். அவனும் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பான். நான் இப்படி எழுதினேன்: "தம்பி, நான் சார் இல்லை, அக்கா. கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொள். 41-லிருந்து 19-ஐக் கழி. 84-லிருந்து 41-ஐக் கழி. 134-லிருந்து 84-ஐக் கழி. வருகிற எண்களை, நீ கையால் பெருக்கிய விடைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்."

நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "அக்கா, 22, 43, 50! எல்லா விடையும் உள்ளேயே இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது."

ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தப் பிழையை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நான் கேட்டது இரண்டே கேள்விகள். பூஜ்யம் கொடுக்கிற வரி எது? இந்த நான்கு கட்டங்களையும் நிரப்பி முடிப்பதற்குள் அந்த வரி எத்தனை முறை ஓடுகிறது? அவன் தாளில் கோடு போட்டு, மூன்று லூப்களின் எண்ணிகளான ஐ, ஜே, கே, அவற்றோடு தொகை என்று நான்கு பத்திகள் பிரித்து, ஒவ்வொரு சுற்றாக எழுதிப் பார்த்தான். மாலையில் கணினித் திரையின் இன்னொரு படம் வந்தது: 19, 22, 43, 50. அத்தோடு ஒரு கேள்வி: "அக்கா, பூஜ்யமே கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?" விட்டுப் பார் என்றேன். பார்த்தான். சம்பந்தமே இல்லாத எண்கள் வந்தன. நினைவகத்தின் அந்த இடத்தில் அதற்கு முன் என்ன கிடந்ததோ அதுதான் வருகிறது என்று சொன்னேன். இந்தக் கேள்வி அவனுடைய லேப் மேனுவலில் இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்காகவும் அவன் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

பதினோரு ஆண்டுகளாக இணையத்தில் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் கவனிக்கத் தவறிய ஒன்றை அந்தக் கடிதம் எனக்குக் காட்டியது. கேள்வியை அப்படியே ஒட்டுகிற மாணவனைச் சோம்பேறி என்றே நினைத்துவந்தேன். அவன் கையில் இருந்த பிழையில்லாத ஒரே ஆங்கில வாக்கியம் அதுதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. சொந்தமாக ஆங்கிலத்தில் எழுதினால் நாலு பேர் இலக்கணத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறான். அச்சில் இருக்கிற வாக்கியத்தில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பி அதை எடுத்து நம் முன்னால் வைக்கிறான். நாம் அதையே அவன் குற்றமாக்கிக் கதவைச் சாத்துகிறோம்.

மற்றவர்களுக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் வேலை பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் வழியில் படித்தேன். 2004-ல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் லேபில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். டர்போ சி-யின் நீலத் திரைதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே உலகம்; போர்லாண்ட் நிறுவனம் 1980-களின் இறுதியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை வெளியிட்ட அந்த மென்பொருளை நம்முடைய கல்லூரிகள் எத்தனையோ ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தன. இரண்டு எண்களைக் கூட்டும் நிரல். பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியபடி எக்ஸ் + ஒய் = இசட் என்று எழுதினேன். "எல்வேல்யூ ரிக்வயர்ட்" என்று பிழைச் செய்தி வந்தது. எல்வேல்யூ என்றால் என்ன? என் ஆங்கிலத் தமிழ் அகராதியில் அந்தச் சொல் இல்லை. அந்த லேப் நேரம் முழுவதும் அந்த வரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் லேப் உதவியாளர் வந்து, குனிந்து, வரியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்: இசட் = எக்ஸ் + ஒய். நிரல் ஓடியது. ஏன் ஓடியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வலப்பக்கம் கணக்குப் போட்டு வருவதை இடப்பக்கத்தில் இருக்கிற பெட்டியில் போடு என்றுதான் கணினிக்கு அந்த வரி சொல்கிறது, ஆகவே இடப்பக்கம் ஒரு பெட்டி இருந்தே ஆக வேண்டும், எக்ஸ் + ஒய் என்பது பெட்டி அல்ல. இந்த மூன்று வாக்கியங்கள் எனக்குக் கிடைக்க ஏறக்குறைய ஓராண்டு ஆனது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. வகுப்பில் கேட்க வாய் வரவில்லை.

இன்று என்னைப் போன்றவர்கள் அதிகமாக வருகிறார்கள், வர வேண்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தமிழ் வழிப் பொறியியல் வகுப்புகளைத் தொடங்கியபோது அவை சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும்தான். கணினி படிக்க வந்தவர்களுக்கு ஆங்கிலம்தான். உயிரியல் பிரிவு எடுத்துப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கணினிப் பொறியியலுக்குள் வருகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பெரிய அண்ணனோ, டியூஷனோ, கணினி தெரிந்த குடும்பமோ கிடையாது. இணையத்தில் முகம் தெரியாத நாம்தான் இருக்கிறோம். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, போர்த்துகீசியம், ஜப்பானியம், ரஷ்யன், ஸ்பானியம் ஆகிய மொழிகளுக்குத் தனித் தளங்களைத் தொடங்கியது. சாவோ பாவ்லோ மாணவன் தன் தாய்மொழியில் தடுமாறலாம். நம் பிள்ளைகள் இன்னொரு மொழியில் தடுமாற வேண்டியிருக்கிறது, அந்தத் தடுமாற்றத்துக்குத் தண்டனையும் வாங்க வேண்டியிருக்கிறது.

வீட்டுப்பாடக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பவர்களின் வாதம் இணையத்தின் வயதுக்குப் பழையது. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்த புதிய மாணவர்கள் கூட்டமாக வந்து, கேட்டதையே கேட்பார்கள். 1993-க்குப் பிறகு வீட்டு இணைப்புகள் பெருகி அந்த வரவு நிற்கவே இல்லை. அதற்கு முடிவில்லாச் செப்டம்பர் என்றே பெயர் வைத்தார்கள். நமக்கு அக்டோபரும் ஏப்ரலும். செய்முறைத் தேர்வு நெருங்கினால் ஃபிபோனச்சி, ஆம்ஸ்ட்ராங் எண், பாலிண்ட்ரோம், ஹனோய் கோபுரம், மாணவர் மதிப்பெண் பட்டியல் என்று வரிசையாக வரும். 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் முதலில் வீட்டுப்பாடம் என்றே ஒரு குறிச்சொல் இருந்தது. 2012-ல் அதை எடுத்துவிட்டார்கள். கேள்வி எங்கிருந்து வந்தது என்பது முக்கியமல்ல, கேள்வி நன்றாக இருக்கிறதா என்பதே முக்கியம் என்றார்கள். முடிவு சரியானதுதான். ஆனால் நன்றாகக் கேட்பது எப்படி என்பதை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? தங்கள் தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

மறுப்பவர்கள் சொல்வதில் ஒன்றை நான் மனமார ஏற்கிறேன். பதில் எழுதுகிறவர் யாரும் கூலி வாங்குவதில்லை. வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, பத்தரை மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதுகிறோம். ஓர் இரவில் என்னால் இரண்டு பேருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும், அதற்கு மேல் முடியாது. நேரமில்லாதவர் கடந்து போகலாம். அது அவர் உரிமை. கடந்து போகிறவர் ஏன் ஒரு கல்லையும் எறிந்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. "உன் வீட்டுப்பாடத்தை நீயே செய்" என்று எழுதவும் அரை நிமிடம் ஆகிறது. "எழுதிய நிரலின் படத்தை அனுப்பு, எந்த மொழியில் வேண்டுமானாலும் கேள்" என்று எழுதவும் அதே அரை நிமிடம்தான்.

இதற்கு நேர்மாறான தவற்றையும் நான் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன், தேர்வுக்கு முந்தைய இரவு, தொடுப்புப் பட்டியலிலிருந்து, அதாவது சங்கிலிபோல் கோத்த தரவுகளிலிருந்து, ஒரு கணுவை நீக்கும் நிரல் வேண்டும் என்று கெஞ்சினான். பாவமாக இருந்தது. முழுவதையும் எழுதி, நன்றாக ஓடுகிறதா என்று சோதித்தும் அனுப்பினேன். மறுநாள் சீட்டெடுப்பில் அவனுக்கு அந்தக் கேள்வியே வந்தது. மனப்பாடமாக எழுதினான், விடையும் சரியாக வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், முதல் கணுவை நீக்கும்போது மட்டும் ஏன் தனியாக ஒரு நிபந்தனை என்று கேட்டிருக்கிறார். அவனுக்குத் தெரியவில்லை. "எழுதியது நீதானா?" என்று அடுத்து கேட்டிருக்கிறார். "அக்கா, ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை" என்று அவன் எழுதியதை என்னால் மறக்க முடியவில்லை. அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என் இரக்கம்தான். அவன் இரவு முழுவதும் விழித்திருக்கத் தயாராக இருந்தான். அந்த இரவை நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அப்பாவின் தறியில் இழை அறுந்தால் தறியை நிறுத்துவார். அறுந்த இழை எது என்று விரலால் தடவித் தேடி, அதை மட்டும் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு வேறொருவர் நெய்த துணியை வாங்கி வந்து வைத்ததில்லை. மாணவன் எழுதிய நிரலைத் தள்ளிவிட்டு நான் எழுதியதைக் கையில் கொடுக்கும்போது அதைத்தான் செய்கிறேன்.

என் தோழி ஒருத்தி பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். நான் இப்படிப் பதில் எழுதுவது அவளுக்கு உடன்பாடில்லை. அவள் சொல்வதை மற்ற எல்லா மறுப்புகளையும்விட நான் மதிக்கிறேன். ஏமாற்றுவார்கள் என்பதல்ல அவள் கவலை. "நீ இரவோடு இரவாக அவன் பிழையைத் திருத்திவிடுகிறாய். காலையில் அவன் என்னிடம் சரியான நிரலோடு வருகிறான். அறுபது பேரும் சரியாக எழுதியிருந்தால், மூன்று லூப்களை நான் தெளிவாக நடத்தவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் செய்கிற பிழைதான் எனக்குக் கிடைக்கிற ஒரே தகவல். அதை நீ துடைத்துவிடுகிறாய்" என்றாள்.

பதில் சொல்ல முடியாமல் வெகுநேரம் யோசித்தேன். இப்போது ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எங்கே சிக்கினாய், எப்படி வெளியே வந்தாய் என்று அப்சர்வேஷன் நோட்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுது, தமிழில் எழுதினாலும் போதும். எல்லோரும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களின் நோட்டைப் பார்த்து என் தோழி ஒரு பாடத்தை மறுபடி நடத்தியிருக்கிறாள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற அறிமுகப் பாடத்தில் 2014 முதல் ஒரு விதி இருக்கிறது. அடுத்தவர் நிரலை எடுத்துச் சமர்ப்பித்த மாணவர் 72 மணி நேரத்துக்குள் தானே வந்து சொல்லிவிட்டால் தண்டனை அந்தப் பாடத்தோடு நின்றுவிடும். நள்ளிரவுப் பதற்றத்தில் செய்ததை மனிதனின் இயல்பாக எடுத்துக்கொண்டு, திரும்பி வர ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் கல்லூரிகளிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏமாற்று வேலை பற்றிப் பேசுகிறவர்கள் இணையத்தை மட்டும் குறை சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது இணையம் வருவதற்கு முன்பே நடந்தது, எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. ஆண்டுக்கு ஆண்டு அதே பயிற்சிகள், அதே வரிசை. இறுதியாண்டுத் திட்டப்பணியை அறிக்கையோடு சேர்த்து விலைக்குக் கொடுக்கும் புராஜெக்ட் சென்டர்கள் பல ஊர்களில் பலகை வைத்தே நடக்கின்றன. காசிருக்கிறவன் அங்கே போகிறான். காசில்லாதவன் நம்மிடம் வந்து கேட்கிறான், நாம் அவனிடம் நேர்மையைப் பற்றிப் பேசுகிறோம்.

நானும் மறுப்பது உண்டு. நடந்துகொண்டிருக்கும் ஆன்லைன் தேர்வின் கேள்விக்கும், வேலைவாய்ப்புக்காக நிறுவனங்கள் வைக்கும் சோதனைக்கும் பதில் சொல்ல மாட்டேன். அங்கே நான் சொல்லும் பதில் இன்னொரு மாணவனின் இடத்தைப் பறிக்கும். மதிப்பெண்ணுக்குரிய அசைன்மென்ட் என்றால் சமர்ப்பிக்கும் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன். திட்டப்பணியை முழுவதும் செய்து கொடுங்கள், பணம் தருகிறேன் என்று வருகிறவர்களுக்கு ஒரு வரி மறுப்புதான்.

மிகவும் கடினமானது வேறொரு வகைக் கேள்வி. எதுவுமே எழுதாமல் வருகிறவன், எழுதத் தெரியாததால் எழுதாதவன். முயன்று பார்த்துவிட்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்புவது வழக்கம். அந்த வழக்கம் சரிதானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது ஒரு பழைய ஆய்வைப் படித்த பிறகு. 1985-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் அல்ஜீப்ரா கற்கும் மாணவர்களைக் கொண்டு செய்தது அது. தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், தாமாகவே முட்டிமோதியவர்களைவிட, அதே மாதிரியான கணக்குகளை விரைவாகவும் குறைந்த பிழைகளோடும் செய்தார்கள். ஒன்றுமே தெரியாத நிலையில் முட்டிமோதுவதில் களைப்புதான் மிஞ்சும். நம் வீட்டுப் பெண்கள் கோலம் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். அம்மா போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புள்ளி வைத்தோம்.

ஆகவே இப்படிப்பட்டவனுக்கு முழு நிரலையே கொடுக்கிறேன். ஆனால் அவன் கேட்டதைக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கணக்கைக் கொடுக்கிறேன். ஓர் எண்ணைத் திருப்பிப் போட்டாலும் அதே எண்தானா என்று பார்க்கும் பாலிண்ட்ரோம் நிரலைக் கேட்டால், ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டும் நிரலை வரிக்கு வரி விளக்கி எழுதுகிறேன். 472 என்றால், பத்தால் வகுத்து மீதியை எடு, 2 கிடைக்கும். ஈவு 47. மறுபடி மீதி 7, ஈவு 4. கடைசியில் மீதி 4, ஈவு பூஜ்யம், நிறுத்து. கூட்டுத்தொகை 13. இதை அவன் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் பாலிண்ட்ரோமுக்குப் பாதி வழி வந்துவிட்டான். கூட்டுகிற வரியில், கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி வந்த இலக்கத்தைச் சேர்க்க வேண்டும்: 2, பிறகு 27, பிறகு 274. அந்த ஒரு வரியை அவன் கண்டுபிடிக்க வேண்டும். சிலர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள், சிலருக்கு இரண்டு நாள் ஆகிறது. கண்டுபிடித்த பிறகு வரும் கடிதத்தில் கேள்வியைவிட ஆச்சரியக்குறிகள் அதிகமாக இருக்கும்.

2022 நவம்பர் 30 அன்று, கேட்டால் நிரலையும் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி வந்தது. சில நாட்களிலேயே, டிசம்பர் தொடக்கத்தில், அது எழுதும் பதில்களைத் தங்கள் தளத்தில் போடக் கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை விதித்தது. இனிமேல் வீட்டுப்பாடக் கேள்வி யாரும் கேட்கமாட்டார்கள், இந்த வழக்கே முடிந்துவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். முடியவில்லை, கேள்வி மாறியிருக்கிறது. சென்ற ஏப்ரலில் ஒரு மாணவி அனுப்பிய நிரலில், இரண்டுக்கு இரண்டு அணியைப் பெருக்க, நினைவகத்தை ஓடும்போதே ஒதுக்கி, சுட்டிகளுக்குச் சுட்டி வைத்து, நாலு செயற்கூறுகளாகப் பிரித்து எழுதியிருந்தது. எழுதியது இயந்திரம். "அக்கா, இது சரியாக ஓடுகிறது. ஆனால் இது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் கேட்டால் என்ன சொல்வது?"

முன்பு நிரலைக் கேட்டார்கள். இப்போது பொருளைக் கேட்கிறார்கள். இதைவிட நல்ல கேள்வி எது? இயந்திரத்திடமே தமிழில் விளக்கம் கேட்கலாம், அது சொல்லும், சலிக்காமல் சொல்லும். குறிப்பு மட்டும் கொடு என்றால் குறிப்பு மட்டும் கொடுக்கும். சிஎஸ்50 பாடத்திலேயே 2023 முதல், முழு விடையைத் தராமல் வழி மட்டும் காட்டும்படி ஒரு வாத்து உருவ உதவியாளரை வைத்திருக்கிறார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, பயந்துபோயிருக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளை குறிப்பு மட்டும் போதும் என்று கேட்காது. முழுவதையும் கேட்கும், கிடைத்தும்விடும். "இதை ஓரமாக வை. நீ முதலில் எப்படி எழுத நினைத்தாய், அதைச் சொல்" என்று அவளிடம் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அவள் தான் கைவிட்ட பழைய நிரலை நோட்டிலிருந்து எடுத்து அனுப்பினாள். அதில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. லூப் வரியின் முடிவில் ஓர் அரைப்புள்ளி அதிகம். அதனால் லூப் வெறுமனே சுற்றிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த ஓர் அரைப்புள்ளியைக் காணாமல் தன் சொந்த நிரலைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

அக்டோபர் மாதப் பையனுக்குத் தேர்வு முடிந்த பிறகு, அந்த மூடிய கேள்வியைப் பற்றி அவனிடம் பேசினேன். அதைத் திறக்க வேண்டும், ஆனால் நீதான் எழுத வேண்டும் என்றேன். இங்கிலீஷ் வராது என்றான். எனக்கு எழுதியதையே எழுது, திருத்துகிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து ஆறு வரி அனுப்பினான். தன் நிரலை ஒட்டியிருந்தான். வர வேண்டிய எண்கள் இவை, வருகிற எண்கள் இவை, முதலாவது மட்டும் சரி, கழித்துப் பார்த்தால் மற்றவையும் உள்ளே இருக்கின்றன என்று வரிசையாகச் சொல்லியிருந்தான். தலைப்பாக, விடைகள் ஏன் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ஆங்கிலேயர் யாரும் அப்படி எழுதமாட்டார்கள். அதை நான் தொடவில்லை. இரண்டு இடங்களில் வினைச்சொல்லை மட்டும் சரிசெய்தேன்.

அவன் பழைய கேள்வியைத் திருத்திப் போட்டான். மீண்டும் திறக்க நான் வாக்களித்தேன். மறுநாள் மாலை பார்த்தபோது கேள்வி திறந்திருந்தது. கீழே இரண்டு பதில்கள், ஒன்றில் அவன் போட்டது போலவே நான்கு பத்தி அட்டவணை. எதிர்வாக்கு மூன்று இருந்த இடத்தில் இரண்டு இருந்தது.